இருநூற்றுப் பதினாறு கலெக்டர்கள்

எங்கள் கண் ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பதினாறு கலெக்டர்கள் இருந்தார்கள். எல்லோரும் திருமயம், அரிமளம், பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்கள். ஆடு வளர்ப்பவர், இட்லிக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அம்மா என்று பல தரத்தில் இருந்தார்கள். ஒருவர்கூட உண்மையான கலெக்டர் இல்லை. இத்தனை பேரையும் தொலைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும்படி, கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் நிவேதா மேடம் என்னைக் கேட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். முதலில் மைக்கைப் பிடித்துப் பேசச் சொன்னார். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

என் பெயர் அடைக்கலம். ரெக்கார்ட் ரூம் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஃபைல் மூட்டைகளை வண்டியில் வைத்துத் தள்ளத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஃபைல் அட்டைகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். தமிழை, நோயாளிகள் விட்டுச் செல்லும் பேப்பர்களையும் வாரப் பத்திரிகைகளையும் படித்துப் பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

ரெக்கார்ட் ரூமுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் ஸ்டெல்லா மேடம். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர், "வாங்க, உட்காருங்க" என்று சொன்னால் நாங்கள் நடுங்குவோம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நின்றபடியே நம்மிடம் பேசி முடித்து அனுப்பிவிடுவார். தப்பு நடந்திருந்தால்தான் நாற்காலி. உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். அதற்குள் நாமே எல்லாத் தப்பையும் ஒப்புக்கொண்டிருப்போம். ஒருமுறை அவர் துடைத்து முடிப்பதற்குள், அவருக்குத் தெரியாத இரண்டு தப்புகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நோயாளியின் பெயர், ஊர், வயது, தொழில் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்பினால் ஒரு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நோயாளி ஒவ்வொரு ரூமாகப் போக வேண்டும். தொழில் கட்டத்தில் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. ஒரு பட்டியல் இருக்கும், அதில் நம்பரை அமுக்க வேண்டும். ஒன்று விவசாயி, இரண்டு கூலி, மூன்று வியாபாரம். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த திருச்சிக்காரர் என்ன நினைத்தாரோ, பதினேழில் கலெக்டரையும் பதினெட்டில் பைலட்டையும் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு நோயாளிக்கு முன்பே ஒத்துக்கொள்ளாத மருந்தை இரண்டாவது முறையும் கொடுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் தடித்துப்போய், அரை நாள் படுத்திருந்து தேறினார். அவருடைய ஃபைலில் எல்லாம் சிவப்பு மையில் எழுதித்தான் இருந்தது. ஆனால் ஃபைல் போய்ச் சேருவதற்குள் சீட்டு முந்திப் போய்விட்டது. மேடம் அன்று யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சீட்டிலேயே அச்சடிக்க ஒரு கட்டம் சேர்த்துத் தரும்படி திருச்சிக்காரரைக் கேட்டார். புதுக் கட்டம் சேர்த்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் மேடம் அந்தத் தொழில் பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடைக்கலம், நம்ம ஆஸ்பத்திரிக்குக் கலெக்டர் வைத்தியம் பாக்க வருவாரா?"

"வர மாட்டாருங்க மேடம்."

"வந்தா வரிசையில நின்னு சீட்டு வாங்குவாரா?"

"எங்க மேடம் நிப்பாரு?"

"அப்பச் சரி. அவரை நாம எடுத்துக்குவோம்."

அன்றிலிருந்து, ஏதாவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளி எவராக இருந்தாலும் அவருடைய தொழிலைக் கலெக்டர் என்று மாற்றினோம். கலெக்டர் சீட்டு வந்தால் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது, ரெக்கார்ட் ரூமிலிருந்து ஃபைல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊசி ரூம் சுவரில் இதை எழுதி ஒட்டினோம். பைலட்டும் சும்மா இருக்கவில்லை. காது கேட்காதவர்களை மேடம் பைலட் ஆக்கினார். பைலட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, பக்கத்தில் போய்க் கையைத் தொட்டு அழைக்க வேண்டும்.

கலெக்டர் யாராவது சேர்ந்தால் ஸ்டீல் பீரோவின் உள்கதவில் ஒரு கோடு போடும்படியும் மேடம் சொல்லியிருந்தார். "எத்தனை பேருன்னு மெஷின் சொல்றது வேற, நமக்குத் தெரியணும்ல" என்றார். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே போடுவேன். மேடம் ஓய்வு பெற்றுப் பொன்னமராவதியில் மகன் வீட்டுக்குப் போன பிறகும் கோடு போடுவதை நிறுத்தவில்லை.

ஒரே ஒருமுறை இந்த ஏற்பாட்டில் சிக்கல் வந்தது. இலவச முகாமைத் தொடங்கி வைக்க உண்மையான கலெக்டரே வந்துவிட்டார். வந்தவர், தன் கண்ணையும் பார்த்துவிடலாம் என்று கவுண்டர் முன்னால் வந்து நின்றார். சீட்டுப் போடும் பெண் பதினேழை அமுக்கினால், அவருக்கு ஒரு சொட்டு மருந்துகூட விட மாட்டார்கள். அவள் விழித்தாள். மேடம் பின்னால் இருந்து, "நாலைப் போடும்மா" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்த கலெக்டர், "நான் எப்பங்க டீச்சர் ஆனேன்?" என்று கேட்டார். "மாவட்டத்துக்கே சொல்லிக் குடுக்கிறவரு நீங்கதானே சார்" என்று மேடம் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். நாங்கள் அவர் கார் கிளம்பிப் போகும்வரை அடக்கிவைத்திருந்து பிறகு சிரித்தோம்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

பழைய கம்ப்யூட்டர் தள்ளாடிக்கொண்டிருந்தது. புதிய டேட்டாபேஸுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று டிரஸ்ட்டில் முடிவு செய்தார்கள். அந்த வேலைக்குத் திருச்சியிலிருந்து வந்தவர்தான் நிவேதா மேடம். முப்பது வயது இருக்கும். என்னை "அண்ணே" என்பார். முதல் நாளே எங்கள் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, டேபிள் என்றால் என்ன, இண்டெக்ஸ் என்றால் என்ன என்று விளக்கினார். எனக்கு அது சட்டென்று புரிந்தது. டேபிள் என்பது ஃபைல் அடுக்கியிருக்கும் ரேக். இண்டெக்ஸ் என்பது ரேக்கின் முகப்பில் தொங்கும் பெயர்ப்பட்டியல். கம்ப்யூட்டர் ரேக்கைத் துழாவாது, பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்கும். ஒருவர் பெயரைப் பதிகிற நேரத்தில் கரண்ட் போனால், அவர் ரேக்கில் இருப்பார், பட்டியலில் இருக்க மாட்டார். அதனால்தான் தினமும் காலையில் வந்ததும் நான் பழைய கம்ப்யூட்டரின் முதல் திரையில் ஒன்பதை அமுக்குவேன். அமுக்கினால் ரேக்கை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துப் பட்டியலை மறுபடி எழுதிக்கொள்ளும். வேலை நடந்த மூன்று மாதமும் அதை அமுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் கூட்டத்தின் முடிவில் நிவேதா மேடம் கேட்டார்: "ஒரு கட்டத்துக்குப் பேரு ஒண்ணு இருக்கும், நீங்க வேற எதுக்காவது அதைப் பயன்படுத்துவீங்க. அப்படி ஏதாச்சும் இருக்கா?"

நான் கடைசி வரிசையில் இருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று எழுந்திருக்கவில்லை. ஊசி ரூமின் முத்துலட்சுமி சிஸ்டருக்கும் தெரியும், ஆனால் அவர் அன்று டியூட்டியில் இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு நிவேதா மேடம் ஒரு தாளோடு என்னிடமே வந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் படித்துச் சரிபார்த்தார். "தொழில். நோயாளி பாக்கிற வேலை. சரிதானே அண்ணே?" நான் தலையை ஆட்டினேன். கையெழுத்தும் போட்டேன். கலெக்டர் என்று இருந்தால் கலெக்டராகவே அங்கே போய்ச் சேரப் போகிறார், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாற்றுவதற்கு முன்னால் தப்புத் தவறுகளைச் சுத்தம் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுடைய ஆபீசில் இருந்தவர்கள் எங்கள் கலெக்டர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தாலுகாவில் இத்தனை கலெக்டரா, யாரோ தெரியாமல் நம்பரை மாற்றி அமுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரையும் "மற்றவை" என்று ஆக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை புதிய சிஸ்டம் ஓடத் தொடங்கியது. வெள்ளைத் திரை, பெரிய எழுத்து, எல்லோருக்கும் சந்தோஷம். முத்துலட்சுமி சிஸ்டர் லீவு. ஊசி ரூமில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன சிஸ்டர் இருந்தார். நாங்கள் ஒட்டிய தாள் வெள்ளையடித்தபோது போய்விட்டது. அதைத் திரும்ப ஒட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பதினொரு மணி வாக்கில் நான் ஃபைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊசி ரூமைத் தாண்டினேன். உள்ளே கறுப்பையா உட்கார்ந்திருந்தார். அரிமளத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர். பல வருஷங்களுக்கு முன்னால் கண்ணில் முள் குத்திச் சீழ் பிடித்து வந்தார். அப்போது போட்ட ஊசியில் அவருக்கு மூச்சு அடைத்து, பிழைத்தது பெரிய காரியம். அவருக்கு மட்டும் அது எதுவும் நினைவில்லை. அவர் மயங்கிவிட்டார், நாங்கள்தான் விழித்திருந்தோம். இப்போது கிடா முட்டி மறுபடி கண் வீங்கியிருந்தது. ஊசி எதுவும் சேராதா என்று டாக்டர் கேட்டதற்கு, "ஊசின்னா எனக்குப் பயமே கெடையாது" என்று பதில் சொன்னாராம்.

உள்ளே நடந்த பேச்சு காதில் விழுந்தது.

"என்ன தாயி, சீட்டுல தப்பா அடிச்சிருக்கு. மத்தவைன்னு போட்டிருக்காமே?"

"அதுக்கென்ன பெரியவரே?"

"நா கலெக்டரும்மா."

"நீங்க கலெக்டரா? அப்ப நான் கவர்னரு. கையை நீட்டுங்க, கலெக்டர் சார், டெஸ்ட் டோஸ் போடணும்."

"சிரிக்காத தாயி. எத்தன வருசமா இங்க நா கலெக்டரு. ஊருல கேட்டுப் பாரு, அப்படித்தான் கூப்புடுவாக."

என் கை வண்டியை விட்டுவிட்டது. வண்டி தானாகப் போய்த் தண்ணீர் கேனில் மோதி, ஃபைல்கள் சரிந்தன. ரூமுக்குள் போய், "சிஸ்டர், ஊசியைக் கீழே வைங்க!" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார், பயத்தில். நான் காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தால், "கலெக்டர்... கலெக்டர்..." என்பதற்கு மேல் வரவில்லை.

"அதைத்தான நானும் சொல்றேன்" என்றார் கறுப்பையா.

பெரிய டாக்டரம்மா வந்தார், நிவேதா மேடமும் ஓடி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் சொல்லாமல் விட்டதையும், தாளில் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் கண்ணாடியைத் துடைக்காமலே சொன்னேன். டாக்டரம்மா ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "கலெக்டர் லிஸ்ட் மொத்தமும் என் கைக்கு வர்ற வரைக்கும் ஊசி ரூமைப் பூட்டுங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு முகாம்ல இருந்து ஆள் வருது. அதுக்குள்ள வேணும். இல்லைன்னா எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். முகாம் ஆட்கள் என்றால் வேன் பிடித்து, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் மறுபடி வர மாட்டார்கள்.

சுத்தம் செய்வதற்கு முந்திய நகல் நிவேதா மேடத்தின் ஆபீசில் இருந்தது. அதைத் தேடி எடுத்து அனுப்ப மறுநாள் ஆகும் என்றார்கள். கையில் இருந்தது பழைய கம்ப்யூட்டர்தான். அதை மூன்று மாதம் யாரும் அழிக்கக் கூடாது என்று "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார் நிவேதா மேடம். அவரே அதைக் கிழித்துவிட்டு உட்கார்ந்தார். பதினேழைக் கேட்டார். பெயர்கள் ஓடி நின்றன. கீழே இருநூற்றுப் பதினாலு என்று காட்டியது.

"அப்பாடா, எல்லாரும் இருக்காங்க அண்ணே."

நான் பீரோவைத் திறந்தேன். உள்கதவில் ஐந்து ஐந்தாகக் கட்டுகள். விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்து மூன்று கட்டு, அதற்குப் பிறகு ஒற்றைக் கோடு ஒன்று. மறுபடியும் எண்ணினேன். "ரெண்டு பேரு குறையுது மேடம்" என்றேன்.

"கதவுல கூடுதலா கோடு போட்டிருப்பீங்களோ?"

வேறு நாளாக இருந்தால் இருக்கலாம் என்று தலையை ஆட்டியிருப்பேன். அன்றைக்கு ஒருமுறை கத்திவிட்ட தைரியம் இருந்தது. "இல்லைங்க. கோடு தப்பாது. பட்டியல்தான் பழசு. மூணு மாசமா ஒன்பதை அமுக்கலையே. இடையில கரண்ட்டு எத்தனை தடவை போச்சு!"

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நாற்காலியை எனக்கு நகர்த்தினார். "வாங்கண்ணே, உட்காருங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்தேன். அப்புறம்தான் இது வேறு நாற்காலி என்று புரிந்தது.

அவசரப்பட்டு அமுக்கவும் முடியாது. ஒன்பது ஓடுகிற நேரத்தில் கரண்ட் போனால் ரேக்கும் சேர்ந்து சாயலாம். முதலில் மேடம் எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் நகல் எடுத்தார். ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓட விடும்படி சொல்லியனுப்பினோம். பிறகு நான் ஒன்பதை அமுக்கினேன். திரையின் மூலையில் எண் ஏறத் தொடங்கியது. அந்த எண் நின்று நின்று ஏறும். அது நிற்கும் ஒவ்வொரு முறையும் மேடம் என்னைப் பார்ப்பார். "இப்படித்தான் நிக்கும், போயிரும்" என்பேன்.

அந்த இடைவெளியில் பொன்னமராவதிக்குப் போன் போட்டேன்.

"மேடம், நம்ம கலெக்டர் எல்லாரையும் தூக்கிட்டாங்க."

"யாரு? கவர்மெண்ட்டா?"

"இல்லைங்க, நம்ம புது கம்ப்யூட்டர்ல."

போனின் அந்தப் பக்கம் ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும். "கதவுல கோடு இருக்குல்ல?" என்றார்.

"இருக்குங்க."

"அப்ப அதை நம்புங்க. ஏன் அடைக்கலம், மாத்த வந்தவங்ககிட்ட மொதல்லயே சொல்லலையா?"

"சொல்லலைங்க மேடம்."

"சரி, இப்பச் சொன்னீங்கள்ல. பைலட்டுகளையும் விட்டுறாதீங்க."

எண் ஏறி முடிந்தது. மறுபடி பதினேழைக் கேட்டோம். இருநூற்றுப் பதினாறு. புதிதாக வந்த இரண்டு பெயர்களையும் நிவேதா மேடம் நாளைய ஆபரேஷன் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். ஒன்று அதில் இல்லை. மற்றது திருமயத்துப் பக்கத்து அம்மா ஒருவர், பட்டியலில் நாலாவது ஆள். மேடம் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

பிறகு இருநூற்றுப் பதினாறு ஃபைல்களையும் ரேக்கிலிருந்து இறக்கினோம். நான் சிவப்பு மையில் இருந்த மருந்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க, அவர் புதிய சிஸ்டத்தில் அதற்கென்று ஒரு கட்டம் திறந்து அடித்தார். சீட்டின் உச்சியில் சிவப்பாக அச்சாகும்படி செய்தார். ஐந்து ஃபைல் முடிந்ததும் கதவில் ஒரு கட்டின்மேல் டிக் போடுவேன். இடையில் டீயும் வடையும் வந்தன. கறுப்பையா வேறு மருந்தைப் போட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றியது அவர். அதில் பொய்யும் இல்லை. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்குக் கடைசி ஒற்றைக் கோட்டின்மேல் டிக் போட்டேன். டாக்டரம்மா பட்டியலை வாங்கிக்கொண்டு ஊசி ரூமைத் திறக்கச் சொன்னார். மறுநாள் வேன் ஆட்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

பைலட்டுகளை அடுத்த நாள் பார்த்தோம். அதன் பிறகு நிவேதா மேடம் ஒவ்வொரு கட்டமாக என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். வயது கட்டத்தில் தொண்ணூற்றொன்பது இருந்தால் வயது தெரியாதவர், ஊருக்குப் பின்னால் புள்ளி இருந்தால் அதே பெயரில் இன்னொருவர் அந்த ஊரில் உண்டு. இப்படி எத்தனையோ. நான் ஓய்வு பெறும்வரை, தினமும் டீ நேரத்தில் ஒன்றாவது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: கேட்கிறவர் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். எழுந்து நிற்கக் கூச்சமாக இருந்தால் உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.

கறுப்பையாவுக்கு மட்டும் ஒரு வருத்தம் இருந்தது. அடுத்த முறை வந்தபோது சீட்டில் "ஆடு வளர்ப்பு" என்று இருந்தது. "என்னைய எப்ப எறக்குனீக? ஒரு நோட்டீஸ்கூட இல்லாம?" என்று கவுண்டரில் சண்டை போட்டார். நிவேதா மேடம் சிரித்துக்கொண்டே, "இப்ப அந்தக் கட்டத்துக்கு வேற அர்த்தம் எதுவும் இல்லை. அவரு கலெக்டராவே இருந்துட்டுப் போகட்டும்" என்று மாற்றிக்கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு இருப்பது ஒரே ஒரு கலெக்டர்தான்.

போன மாதம் என் கண்ணைக் காட்ட நானே போயிருந்தேன். கவுண்டரில் புதுப் பெண். பெயர், ஊர், வயது கேட்டாள்.

"தொழில் என்னங்க ஐயா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் வரிசையிலிருந்து குரல் வந்தது. "கலெக்டர் ஆபீசுல இருந்து ரிட்டயர்டுன்னு போடு தாயி. நாந்தான சொல்றேன்."

திரும்பிப் பார்த்தேன். கறுப்பையா தன் சீட்டை எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். தொழில், கலெக்டர். அதை அப்புறம்தான் படித்தேன். முதலில் சீட்டின் உச்சியைப் பார்த்தேன். சிவப்பு வரி இருந்தது.